விலைச்சீட்டும் நாற்காலியும்: அன்றாட வாழ்வில் சட்டம் வேர்பிடிக்கும் விதம்

1. ஒரே துறை, இரண்டு சட்டங்கள்

தமிழ்நாட்டில் ஒரு பெரிய கடைக்குள் நுழையும் தொழிலாளர் துறை ஆய்வாளர் குறைந்தது இரண்டு சட்டங்களின் பெயரால் உள்ளே வருகிறார். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி தராசில் முத்திரை இருக்கிறதா, உறையிட்ட பொருள்களின் மீது அதிகபட்ச சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி பணியாளர்களின் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் பார்க்கிறார். 2021இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, அவர்கள் உட்கார இருக்கை உண்டா என்றும் பார்க்க வேண்டியவராகிறார்.

இவற்றுள் முதல் சட்டத்தின் பெயரைப் பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அதன் பயனை எல்லோரும் கையாள்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி விலையைப் பார்த்துவிட்டு, “இதில் இருபது ரூபாய் என்றுதானே போட்டிருக்கிறது?” என்று கேட்க யாரும் வழக்குரைஞரைத் தேடிப் போவதில்லை. இரண்டாவது சட்டத்தின் இருக்கைத் திருத்தம் பற்றிய செய்தி நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பரவலாக வந்தது. ஆனால் அது யாருக்காக இயற்றப்பட்டதோ அந்த விற்பனைப் பெண்ணால் தன் மேற்பார்வையாளரிடம் “நாற்காலி எங்கே?” என்று எளிதில் கேட்டுவிட முடியாது. துறையும் கடையும் அதிகாரியும் ஒன்றாக இருக்க, ஒரு சட்டம் பழக்கமாகவே மாறிவிட்டது. இன்னொன்று கோரிக்கை நிலையிலேயே நிற்கிறது. இந்த வேறுபாடு ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. இதுவரையான விளக்கங்கள்

இக்கேள்விக்குப் பொதுவெளியில் இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. சட்டம் நல்லதுதான், நடைமுறைதான் சரியில்லை என்பது ஒன்று. மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு என்றாலும், ஒரே அதிகாரி நடைமுறைப்படுத்தும் இரு சட்டங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டை முதல் பதில் விளக்கவில்லை. உரிமையை நன்கு அறிந்திருந்தும் கேட்காமல் இருப்பவர்களை இரண்டாவது பதில் விளக்கவில்லை.

சட்டச் சமூகவியலில் இந்த விவாதம் நூறாண்டைக் கடந்தது. அன்றைய ஆஸ்திரிய - ஹங்கேரியப் பேரரசின் கிழக்கு எல்லையில், பல இனங்கள் கலந்து வாழ்ந்த செர்னோவிட்ஸ் நகரைச் சேர்ந்த அறிஞர் ஓய்கன் எர்லிக், 1913இல் வெளியிட்ட நூலில் ‘வாழும் சட்டம்’ என்ற கருத்தை முன்வைத்தார். பேரரசு முழுவதற்கும் ஒரே உரிமையியல் சட்டத் தொகுப்பு இருந்தும், திருமணம், சொத்து, குத்தகை ஆகியவற்றில் ஒவ்வொரு சமூகமும் தன் வழக்கத்தையே பின்பற்றியதை அவர் கண்டார். அமெரிக்கரான மார்க் கேலன்டர், இந்தியச் சட்ட அமைப்பையும் தீண்டாமை ஒழிப்புச் சட்டங்களையும் ஆராய்ந்தவர். வசதி படைத்தவர்கள் ஏன் சட்டத்தில் முந்துகிறார்கள் என்ற கேள்வியை 1974இல் ஒரு கட்டுரையில் எழுப்பினார். வாழ்நாளில் ஒருமுறை மட்டும் சட்டத்தின் வாசலுக்கு வருபவருக்கும், அதையே தொழில்முறையாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் தரப்புக்கும் உள்ள ஏற்றத்தாழ்வை அக்கட்டுரை துலக்கியது. விவாகரத்துப் பேச்சுவார்த்தைகளை ஆராய்ந்த நூக்கினும் கோர்ன்ஹவுசரும், நீதிமன்றத்துக்குப் போகாத உடன்பாடுகளின் மீதும் சட்டத்தின் நிழல் விழுகிறது என்று 1979இல் காட்டினார்கள். பட்ரீஷியா ஈவிக், சூசன் சில்பி ஆகிய இருவரும் நியூ ஜெர்சியில் நடத்திய நேர்காணல்களைக் கொண்டு 1998இல் எழுதிய நூல், சாதாரண மனிதர்கள் சட்டத்தை மூன்று விதமாகப் பார்ப்பதை விவரித்தது: எட்டாத உயரத்தில் உள்ளது, சாமர்த்தியமாக ஆட வேண்டிய ஆட்டம், தப்பித்துக்கொள்ள வேண்டிய பிடி.

இவை அனைத்தும் மனிதர்களிலிருந்து தொடங்குகின்றன. அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று, சட்டம் எந்த வடிவில் மனிதரின் கைக்கு வந்து சேர்கிறது என்பது. பொருளின் மீதே எழுதப்பட்டு, எண்ணாகப் படிக்கக்கூடியதாக இருக்கும் சட்டம் எளிதில் வேர்பிடிக்கிறது. தன் வாழ்வுக்கு யாரைச் சார்ந்திருக்கிறாரோ அவரை எதிர்த்தே ஒருவர் கோர வேண்டிய உரிமை வேர்பிடிக்கத் திணறுகிறது. அளவை, வாடகை, திருமணம், சொத்து, கழிவுநீர், கடை வேலை ஆகிய ஆறு இடங்களில் இக்கருத்தைச் சோதிக்கலாம்.

3. படியிலிருந்து கிலோவுக்கு

இன்று கிலோவும் லிட்டரும் இயற்கையானவை போலத் தோன்றுகின்றன. தமிழ்நாட்டில் அவற்றுக்கு எழுபது வயதுகூட ஆகவில்லை. அதற்கு முன் பலம், வீசை, மணங்கு என்று நிறுத்தார்கள். ஆழாக்கு, உழக்கு, படி, மரக்கால் என்று அளந்தார்கள். சின்னப்படி, பெரியபடி என்று ஊருக்கு ஊர் படி வேறுபட்டது. வாங்கும்போது ஒரு படி, விற்கும்போது இன்னொரு படி என்ற புகாரும் பழையதே. 1956ஆம் ஆண்டின் எடையளவுத் தரநிர்ணயச் சட்டம் இந்தப் பன்மையை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நாணயம் பதின்ம முறைக்கு மாறியது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. மக்கள் பல தலைமுறைகளாகப் பழகிய கணக்கை மாற்றிய இச்சட்டம் ஒரு தலைமுறைக்குள் முழு வெற்றி பெற்றது. அதற்குத் தண்டனையைவிட முக்கியமான காரணம், எடைக்கல்லே மாறியதுதான். கல்லில் பொறித்த எண்ணும் அரசு முத்திரையும் கடைக்காரர், வாங்குபவர் இருவர் கண்ணுக்கும் ஒன்றாகத் தெரிந்தன. இன்றும் மின்னணுத் தராசுகள் ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும்.

மாறாமல் நின்றவையும் உண்டு. பூக்காரர் முழங்கையால் அளக்கும் முழம் சட்டப்படியான அலகு அல்ல. ஆனால் மல்லிகைச் சரம் முழக் கணக்கில்தான் விற்கிறது. தங்கத்தைச் சவரன் என்றே பேசுகிறோம், எட்டு கிராம் என்று எடை போடுகிறோம். சொல் பழையதாக இருக்க, அளவு புதியதாகிவிட்டது.

விலைச்சீட்டின் கதையும் இத்தகையதே. உறையிட்ட பொருள்களுக்கான விதிகள் 1977இலிருந்து இருந்தாலும், எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்பது 1990இல் கட்டாயமானது. அதற்கு முன் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்ற வாசகம் கடைக்காரருக்குத் தேவையான இடைவெளியை அளித்தது. எண் ஒன்றாகி உறைமீது ஏறியதும் அந்த இடைவெளி அடைபட்டது. அண்மைய எடுத்துக்காட்டு தங்க நகை. 2021 ஜூன் 23 முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் ஹால்மார்க் கட்டாயமாக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல், ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு இல்லாமல் ஹால்மார்க் நகைகளை விற்க முடியாது. 22 காரட் என்பதைக் குறிக்கும் 916 என்ற எண் இன்று கல்யாண வீட்டுப் பேச்சில் சாதாரணமாகப் புழங்குகிறது. நகையை அடகு வைக்கும் பெண்ணுக்கு உலோகவியலும் தெரிய வேண்டியதில்லை, சட்டமும் தெரிய வேண்டியதில்லை.

இங்கும் எல்லைகள் தென்படுகின்றன. உணவகத்திலும் ஓட்டலிலும் பரிமாறப்படும் தண்ணீர்ப் புட்டிக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே விற்கப்படுவது பொருள் மட்டுமல்ல, சேவையும் சேர்ந்தது என்பது அதன் நிலைப்பாடு. அரசு மதுக்கடைகளில் புட்டிக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கப்படுவதாகப் புகார்கள் தொடர்ந்து எழுகின்றன. புட்டிமீது விலை அச்சிடப்பட்டிருக்கிறது, வாங்குபவரும் அதைப் படிக்கிறார். ஆனால் போவதற்கு வேறு கடை கிடையாது. எண் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அதைக் காட்டிக் கேட்டுவிட்டு வெளியேறவும் ஒரு வழி வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று.

4. பதினோரு மாதம்

வாடகை வீட்டில் குடியிருக்கும் எவரிடமும் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று கேட்டால், பதினோரு மாதம் என்ற பதில் வரும். ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணங்களைக் கட்டாயம் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கப் பிறந்ததே பதினோரு மாதம். ஒரு சட்டத்தைத் தவிர்ப்பதற்காக எடுக்கப்பட்ட வழி, அச்சட்டத்தையே மறந்துவிட்ட பிறகும் வழக்கமாக நிலைத்துவிட்டது. நூக்கினும் கோர்ன்ஹவுசரும் பேசிய சட்டத்தின் நிழலுக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர் எடுத்துக்காட்டைக் காண்பது கடினம்.

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு பெற வேண்டும் என்றது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மிகக் கூடாது என்றது. ஆனால் அந்த வரம்புக்கு முன்னால், வேறு உடன்பாடு இருந்தாலொழிய என்ற விலக்கையும் வைத்தது. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். வீடு தேடி அலையும் குடும்பம் பத்து மாதத்துக்கு உடன்படாவிட்டால் சாவி கைக்கு வராது. உடன்பட்டால் அதுவே அந்த ‘வேறு உடன்பாடு’ ஆகிவிடுகிறது. காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படுவதும் இப்படித்தான் தொடர்கிறது. எழுத்தில் எண் இருந்தும், பேரம் பேசும் வலு ஒரு பக்கமே இருப்பதால் அந்த எண் நழுவிவிடுகிறது. இவ்விலக்கு நீக்கப்பட வேண்டிய ஒன்று.

5. வழக்கத்தின் பின்னால் வந்த சட்டம்

சட்டம் முன்னே போய் வாழ்வை இழுத்துச் செல்கிறது என்ற எண்ணத்துக்கு எதிரான சான்று சுயமரியாதைத் திருமணம். 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படும் இம்முறை, புரோகிதரையும் சடங்கையும் விலக்கியது. நாற்பது ஆண்டுகள் ஆயிரக்கணக்கான இணைகள் இப்படி மணந்து குடும்பம் நடத்தின. ஊரும் உறவும் அவர்களைக் கணவன் மனைவி என்று ஏற்றன. ஆனால் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய திருமணம் செல்லாது என்றது. மண்ணில் நடைமுறையாகிவிட்ட ஒன்று ஏட்டில் இல்லாததால், சொத்துத் தகராறு எழும் நாளில் மனைவி என்ற நிலையே கேள்விக்குள்ளானது.

அண்ணா ஆட்சியில் கொண்டுவரப்பட்ட 1967ஆம் ஆண்டின் 21ஆம் எண் திருத்தச் சட்டம், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம். மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். இவற்றுள் ஒன்றே போதும். சட்டம் வருவதற்கு முன்பு நடந்த திருமணங்களுக்கும் இது பொருந்தும். எர்லிக் சொன்ன வாழும் சட்டம் இங்கே அரசின் சட்டமாக ஏற்கப்பட்டது. இப்பிரிவு எளிதில் நிலைபெற்றதற்குக் காரணம், அது யாரையும் புதிதாக ஒன்றைக் கோரச் சொல்லவில்லை, ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை அங்கீகரித்தது என்பதே. வழக்குரைஞர் முன்னிலையில் நடக்கும் இத்தகைய திருமணங்கள் செல்லுமா என்ற ஐயத்தையும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வீட்டாரின் எதிர்ப்பை மீறிச் சாதி கடந்து மணப்பவர்களுக்கு ஊரைக் கூட்டித் திருமணம் செய்வது உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அந்தத் தீர்ப்பின் மதிப்பு மிகப் பெரிது.

6. மகளின் கையெழுத்து

பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்ற தீர்மானம் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் நிறைவேறியது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுத் திருத்தம், அந்நாளுக்கு முன் மணமாகாத மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்காளியாக்கியது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் அந்த உரிமை விரிந்தது. மணமான மகள் என்ற வேறுபாடும் நீங்கியது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது.

இந்தச் சட்டம் வேர்பிடித்ததா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. ஒரு வகையில் அது ஆழமாக ஊன்றியிருக்கிறது. வாரிசுச் சான்றிதழில் மகள்களின் பெயர் வருகிறது. பரம்பரை நிலத்தை விற்கப் போனால், வாங்குபவரின் வழக்குரைஞரும் கடன் கொடுக்கும் வங்கியும் மகள்களின் கையெழுத்து இல்லாமல் நகர்வதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அக்கா தங்கையைக் கேட்காமலேயே நிலத்தை விற்க முடிந்த அண்ணன், இன்று பத்திரத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஆவணத்தின் வழியே வந்த அளவுக்குச் சட்டம் வென்றிருக்கிறது.

அந்தப் பத்திரம் பெரும்பாலும் மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பதுதான் மறுபக்கம். கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, படிக்க வைத்தாயிற்று என்ற கணக்கு முதலில் வருகிறது. கணவன் வீட்டில் ஏதேனும் நேர்ந்தால் திரும்பி வருவதற்குப் பிறந்த வீடு என்ற ஒன்று வேண்டும் என்ற நினைப்பு மகளின் மனத்தில் எழுகிறது. பிள்ளைக்குத் தாய்மாமன் சீர் வேண்டும், விசேஷத்துக்கு அண்ணன் வந்து நிற்க வேண்டும். பங்கைக் கேட்பவள் இவற்றையெல்லாம் பணயம் வைத்தே கேட்க வேண்டும். சட்டம் தெரியாததால் அவள் கையெழுத்திடவில்லை. உறவு போய்விடும் என்று தெரிந்ததால் இடுகிறாள். சட்டம் தரும் உரிமைக்கும் நிலத்தின் மீதான உண்மையான ஆளுகைக்கும் இடையே உள்ள தொலைவைப் பீனா அகர்வால் 1994இல் வெளியிட்ட நூலில் தெற்காசியா முழுவதற்குமாக ஆராய்ந்தார். தமிழ்நாட்டில் அந்தத் தொலைவின் பெயர் விடுதலைப் பத்திரம். குடும்பத்தினருக்கு இடையிலான இத்தகைய ஆவணங்களுக்கு அரசு முத்திரைத் தீர்வையில் சலுகையும் தருகிறது. உரிமையைக் கொடுத்த அரசே அதைக் கைவிடும் வழியையும் மலிவாக்கியிருப்பது போதிய அளவு விவாதிக்கப்படவில்லை.

7. கழிவுநீர்த் தொட்டி

தண்டனை கடுமையானால் சட்டம் நிலைக்கும் என்ற நம்பிக்கையை இந்த ஓரிடமே தகர்த்துவிடும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் சட்டம் 1993இல் வந்தது. 2013ஆம் ஆண்டின் சட்டம் கழிவுநீர்க் குழாயிலும் தொட்டியிலும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதைத் தடைசெய்து, முதல் முறை மீறலுக்கே ஈராண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டையும் விதித்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை முப்பது லட்சமானது. இறப்புகள் நிற்கவில்லை.

இச்சட்டத்திலும் தெளிவான எண் இருக்கிறது, ஆனால் அது மனிதர் இறந்த பிறகே கணக்குக்கு வருகிறது. இறங்குவதற்கு முன் படிக்கக்கூடிய எதுவும் தொட்டியின் மூடிமீது எழுதப்பட்டிருக்கவில்லை. இறங்குபவர் அன்றைய கூலியை நம்பியிருப்பவர். தலைமுறைகளாகச் சாதியால் அந்த வேலைக்குள் தள்ளப்பட்டவர். மறுத்தால் அடுத்த முறை அழைப்பு வராது. வீட்டுக்காரரோ தான் செய்வது குற்றம் என்றே நினைப்பதில்லை, ஆள் வைத்துச் சுத்தம் செய்ததாகவே நினைக்கிறார்.

8. உட்காரும் உரிமை

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், நின்றுகொண்டே வேலை செய்ய வேண்டியவர்களுக்கு உட்காரும் வசதி வேண்டும் என்று 44ஆம் பிரிவில் எழுதியது. அதற்கு ஓராண்டு முன்பு இயற்றப்பட்ட கடைகள் சட்டத்தில் அது இல்லை. கடைப் பணியாளருக்கு அந்த வரி வந்து சேர எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவும் தானாக வரவில்லை. கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்களை விஜி பள்ளித்தொடி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் திரட்டினார். அந்தப் போராட்டங்களின் விளைவாக 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அதைப் பின்பற்றி 22-அ பிரிவைச் சேர்த்தது. ரங்கநாதன் தெருக் கடைப் பணியாளர்களின் வாழ்வை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இலேயே திரையில் காட்டியிருந்தது.

புதிய பிரிவின் சொற்களைக் கூர்ந்து படிக்க வேண்டும். எல்லாப் பணியாளர்களுக்கும் ‘பொருத்தமான’ இருக்கை வசதி வேண்டும் என்கிறது. வேலைக்கு நடுவே உட்கார ‘வாய்ப்பு’ நேரும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வதற்காக என்கிறது. எது பொருத்தம், எப்போது வாய்ப்பு என்பதைத் தளத்தில் தீர்மானிப்பவர் மேற்பார்வையாளர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் புடவையை மடித்து அடுக்கச் சொன்னால் வாய்ப்பு மறைந்துவிடும். தென்மாவட்டத்திலிருந்து வந்து, கடை முதலாளியின் விடுதியிலேயே தங்கி, அங்கேயே உண்ணும் பெண்ணுக்கு அவர் வேலை தருபவர் மட்டுமல்ல, கூரையும் சோறும் தருபவர். அவரை எதிர்த்து நாற்காலி கேட்பது, மகள் அண்ணனிடம் பங்கு கேட்பதைவிட எளிதானதல்ல. ஆய்வாளருக்கும் சிக்கல் உண்டு. விலை அச்சிடப்படாத பாக்கெட்டை அவர் கையில் எடுத்துக் காட்ட முடியும். மறுக்கப்பட்ட ஒரு வாய்ப்பை எப்படிக் காட்டுவார்?

இந்தச் சிக்கலுக்கு முன்மாதிரித் தீர்வு ஒன்று நூற்றாண்டுக்கு முன்பே உண்டு. பிரிட்டனில் 1899இல் இயற்றப்பட்ட கடைப் பணியாளர் இருக்கைச் சட்டம், மூன்று பெண் பணியாளர்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று எண்ணால் எழுதியது. ஆட்களை எண்ணலாம், நாற்காலிகளையும் எண்ணலாம். அதிகாரி உள்ளே நுழைந்த இரண்டு நிமிடத்தில் மீறல் தெரிந்துவிடும். யாரும் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் 22-அ பிரிவில் அத்தகைய எண் இல்லை. ஒவ்வொரு விற்பனை மேசைக்குப் பின்னும் எத்தனை இருக்கை என்பதை எண்ணாக எழுதி, விலைச்சீட்டைப் போலவே கடைக்கு வருபவர் எல்லோரும் படிக்கும்படி வாசலில் ஒட்டச் செய்வதே சட்டமன்றம் அடுத்துச் செய்ய வேண்டிய திருத்தம்.